ஆளுள்ள வளவில் ஒரு பற்றை

வடக்கில் ஒரு காணி விடுவிக்கப்பட்டால் அங்கே முதலில் கேட்பது பெக்கோ இயந்திரத்தின் சத்தம்தான். 1990இல் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் பல பகுதிகள் 2015இன் பின்னர் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டபோதும் அதுவே நடந்தது. கிணறு எங்கே, அத்திவாரம் எங்கே, எல்லைக்கல் எங்கே என்று தேடுவதற்கே பற்றையை வெட்ட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்துத் தன் முற்றத்தை மீண்டும் பார்க்க வந்தவர் காட்டை வெட்டினார் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் வீடு எழும்பிய பிறகும் வெட்டு நிற்பதில்லை. வளவு முழுவதும் மட்டப்படுத்தப்படுகிறது. வேலி போய் மதில் வருகிறது. முற்றத்துக்குக் கொங்கிரீட் கல் பதிக்கப்படுகிறது. மிஞ்சிய இடத்தில் புல் தலைகாட்டினால் களைநாசினி அடிக்கப்படுகிறது. மீள்குடியேற்றப் பகுதிகளைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வளவின் ஒரு பகுதியையாவது தன்பாட்டில் வளர விட்டால் என்ன என்ற கேள்வியும் அப்போதிருந்தே என்னிடம் இருக்கிறது. அப்படி விடுவதால் என்ன கிடைக்கும், எப்படிச் செய்வது, எங்கே செய்யவே கூடாது என்பவற்றை இந்தக் கட்டுரையில் தொகுத்திருக்கிறேன்.

பற்றை என்ற சொல்லின் பாரம்

பிரித்தானியாவில் 2019இலிருந்து மே மாதத்தில் புல் வெட்டாமல் விடும் ஒரு இயக்கம் நடக்கிறது. பூக்களையும் தேனீக்களையும் காப்பதே அதன் நோக்கம். அங்கே வாழும் எங்கள் உறவினர்களில் சிலரும் இப்போது வீட்டுக்குப் பின்னால் புல்லை வளர விட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் ஊரில் வெட்டாத புல்லுக்கு அதிகமாகப் போனால் சோம்பல் என்றுதான் பொருள்.

எங்கள் ஊரில் பற்றை பிடித்த வளவுக்கு வேறு பொருள் இருக்கிறது. அந்த வீட்டில் ஆளில்லை என்பது முதற்பொருள். போனவர் திரும்பவில்லை, அல்லது திரும்ப விடப்படவில்லை. உள்ளே மிதிவெடி கிடக்கலாம் என்பது இரண்டாவது பொருள். இந்தக் காணியை யாராவது தங்களுடையது என்று சொல்லிவிடக்கூடும் என்பது மூன்றாவது. எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு துண்டை வெட்டாமல் விடப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான்: “ஏன் பிள்ளை, ஆளில்லாத வளவு மாதிரிக் கிடக்கவோ?”

இது சிறிய ஆட்சேபம் அல்ல. காலையில் எழுந்து முற்றம் கூட்டுவது எங்கள் பெண்களுக்குச் சுத்தம் மட்டும் சம்பந்தப்பட்ட விடயமாக இருந்ததில்லை. முகாமிலும், நலன்புரி நிலையத்திலும், தறப்பாள் கொட்டிலின் முன்னாலும் அவர்கள் கூட்டினார்கள். இந்த இடத்தில் நாங்கள் இருக்கிறோம் என்று அதன்மூலம் சொன்னார்கள். ஆகவே எங்கள் மண்ணில் இதைப் பற்றிப் பேசும் எவரும், கைவிடப்பட்ட காணியையும் விட்டுவைத்த மூலையையும் முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட காணியைப் பார்க்க ஆளில்லை. விட்டுவைத்த மூலையை ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்க்கிறார். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வேலி இருந்த காலம்

இது வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்றும் நினைக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வளவின் நான்கு பக்கமும் நின்ற வேலிதான் எங்கள் உயிர்ப்பல்வகைமையின் வீடாக இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதராணி, ஆடாதோடை, பின்னாளில் கிளிசரியா என்று கதியால் நட்டு வளர்த்த உயிர்வேலி அது. ஆட்டுக்குக் கொப்பும், தோட்டத்தில் தாழ்க்கக் குழையும், அடுத்த வேலிக்குக் கதியாலும் அதிலிருந்தே வந்தன.

அந்த வேலியில் யாரும் நடாமலே கொடிகள் ஏறின. முசுட்டை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, தூதுவளை, பிரண்டை, கொவ்வை, முடக்கொத்தான் என்று ஒவ்வொன்றுக்கும் அடுப்படியில் ஒரு வேலை இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வேலி இலைகள் கறியும் வறையுமாகி எத்தனை நாள் கழிந்தது என்று அம்மா சொல்வார். 2022 நெருக்கடியில் மரக்கறி விலை ஏறியபோது அவர் மீண்டும் முசுட்டை தேடினார். அயலில் எல்லாம் மதிலாகிவிட்டதால் இரண்டு ஒழுங்கை தள்ளிப் போய்த்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

மாரி தொடங்கியதும் அதே வேலிகளில் கார்த்திகைப்பூவும் எழும்பும். வெயில் காலம் முழுவதும் அதன் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். மேலே ஒரு அடையாளமும் இருக்காது. மழை விழுந்ததும் முளைத்து, இலை நுனியிலுள்ள சுருளால் பக்கத்துச் செடியைப் பற்றிப்பிடித்து ஏறும். பற்றிப்பிடிக்கப் பற்றை இல்லாத இடத்தில் அது நிமிர முடியாது. கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டிய செடி. ஆனால் பெக்கோவால் மண்ணைப் புரட்டி மட்டப்படுத்திய வளவில் அதை இனித் தேடிப் பயனில்லை.

போரில் பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். வேலிகள் போனதைப் பற்றி நாங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாதி போரில் போனது. மறு பாதி போருக்குப் பின்னர், மதில் கட்டக் காசு வந்தபோது போனது.

யாருக்கு இந்த இடம் தேவை

ஒக்ரோபர் மாதம் மழைக்கு முன்னும் பின்னுமாக யாழ்ப்பாண வளவுகளுக்கு ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மண்ணிற நெஞ்சு, வாலடியில் சிவப்பு, மைனாவைவிடச் சிறிய உடல். விடிகாலையிலும் மைம்மலிலும் ஆறு மணியளவில் கூவுவதால் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. கடலைக் கடந்து களைத்து வந்து விழும் இந்தக் குருவிக்கு வேண்டியது மரக்கொப்பு அல்ல. பற்றையின் நிழலும் அதன் கீழே உக்கும் சருகும்தான் வேண்டும். சருகைப் புரட்டி அதற்குள் இருக்கும் புழுபூச்சியைத்தான் அது தின்கிறது. கூட்டிப் பெருக்கி எரித்த வளவில் அதற்குச் சாப்பாடு இல்லை.

இன்னொன்று மரங்கொத்தி. தென்னிலங்கையில் பொதுவாகக் காணப்படும் மரங்கொத்தியின் முதுகு சிவப்பு. வடக்கில் இருப்பதன் முதுகு பொன்மஞ்சள். அறிவியல் பெயரிலும் அது எங்கள் ஊரைச் சுமக்கிறது: டைனோபியம் பெங்காலென்ஸ் ஜாஃப்னென்ஸ். பட்ட மரத்தில் பொந்து குடைந்துதான் அது முட்டையிடும். ஷெல் அடியில் தலையிழந்து நிற்கும் பனைகளையும் தென்னைகளையும் கிளாலி, பளை, முகமாலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எங்களுக்கு அவை போரின் சாட்சி. மரங்கொத்திக்கும், அது விட்டுப்போன பொந்தில் குடியேறும் கிளிக்கும் மைனாவுக்கும் அவை வீடு. வீட்டின் மீதோ பாதையின் மீதோ விழக்கூடிய பட்ட மரத்தைத் தறிக்கத்தான் வேண்டும். மற்றவற்றை விட்டால் என்ன?

பனையில் காய்ந்து தொங்கும் ஓலைகளுக்கும் ஒரு பயன் இருக்கிறது. பனை உழவாரன் என்ற சின்னப் பறவை, தன் எச்சிலால் இறகையும் பஞ்சையும் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கூடு கட்டுகிறது. பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்பது. ஒரு பனையிலாவது காவோலையை இழுத்து விழுத்தாமல் விட்டால் அதற்குப் போதும்.

கௌதாரி இலங்கையில் பெரும்பாலும் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மட்டுமே இருக்கிறது. நிலத்தில் முட்டையிடுவதால் அதற்குப் புல்லும் செடியும் மறைவாக வேண்டும். ஏழெட்டாகச் சேர்ந்து சத்தம் போட்டுத் திரியும் புலுனி எங்கள் மாகாணத்தின் பறவை. அதுவும் சருகு கிளறித்தான் வாழ்கிறது. செண்பகம், தேன்சிட்டு, கொண்டைக்குருவி, ஓணான், உடும்பு, கீரி, மரநாய் என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் காட்டுக்குள் மட்டும் வாழ்வன அல்ல. சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இல் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அந்தப் பூங்காக்களுக்கு வெளியே, ஊர்களுக்குள் இருக்கும் உயிர்களுக்கு எங்கள் வளவுகளை விட்டால் வேறு இடமில்லை.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் புழுவுக்கு இலை வேண்டும். அதுவும் ஒவ்வொன்றுக்கும் குறித்த செடியின் இலைதான் வேண்டும். தேசியிலும் கறிவேப்பிலையிலும் விளாவிலும் ஒரு வகை முட்டையிடும். எருக்கலையில் செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு வெள்ளை விளிம்புள்ள வகை. திருக்கொன்றையிலும் ஆவரசிலும் இளமஞ்சள் வகை. ஆடுதின்னாப்பாளை இனத்துக் கொடிகளில், கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளியுள்ள அழகான பெரிய வகை. இவற்றில் பாதிச் செடிகளை நாங்கள் களை என்று பிடுங்குகிறோம்.

தோட்டத்துக்கு என்ன லாபம்

இரண்டு பரப்புக் காணியில் கத்தரியும் மிளகாயும் போட்டுச் சீவிக்கிற குடும்பத்திடம் வண்ணத்துப்பூச்சியின் அழகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கும் இதில் கணக்கு இருக்கிறது.

கத்தரிப்பூவின் மகரந்தம் சிறு குழலுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும் வண்டுகளாலும் காட்டுத் தேனீ வகைகளாலும்தான் அதை நன்றாக உதிர்க்க முடியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டுக்குத் தெரியும். பட்ட கொப்பும் பழைய கதியாலும் இருந்தால்தான் அது அங்கே தங்கும். பூசணியும் பாகலும் பகலில் வரும் தேனீக்களை நம்பியிருக்கின்றன. இரவில் வெள்ளையாகப் பூக்கும் புடோலுக்கு அந்துப்பூச்சிகள் வர வேண்டும். புலுனியும் ஓணானும் தேரையும் புழுவைத் தின்னும். ஆந்தையும் சாரையும் எலியைத் தின்னும்.

இன்னொரு கணக்கு நிலத்தடி நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிநீர் கிணற்றிலிருந்து வருகிறது. கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் சேர்ந்த மழையிலிருந்து வருகிறது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான சேமிப்பு. சருகும் வேரும் உள்ள நிலம் அந்த மழையை மெதுவாக உள்ளே விடும். கொங்கிரீட் முற்றம் ஒழுங்கைக்குத் தள்ளிவிடும். வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல் எதையும் வடிகட்டி நிறுத்தாது. உரத்தால் வரும் நைத்திரேற்று எங்கள் கிணறுகளில் ஏறியிருப்பது நீண்டகாலமாக அறியப்பட்ட பிரச்சினை. புல்லைச் சாக்காட்ட அடிக்கும் மருந்தும் அதே வழியால்தான் கீழே போகிறது. அடிப்பவருக்கு ஒரு வேலி எல்லை இருக்கலாம். நிலத்துக்குக் கீழே தண்ணீருக்கு எல்லை இல்லை.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

மிதிவெடி. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. துப்புரவு செய்யப்பட்டு ஒப்படைக்கப்படாத காணியில், அல்லது அயலில் அபாயப் பலகை நிற்கும் காணியில், இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் செய்ய வேண்டாம். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவில் பற்றைக்குத் தீ வைக்கவும் வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸ் அவசர இலக்கம் 119க்கோ அறிவிக்க வேண்டும். மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் பழையவற்றை மேலே கொண்டுவரும் என்பதையும் மறக்கக்கூடாது.

பாம்பு. இந்தப் பயம் நியாயமானது. நாகம், புடையன், விரியன், சுருட்டை என்று ஆளைக் கொல்லக்கூடியவை எங்கள் பகுதியில் உண்டு. பாம்பு எலிக்கும் தவளைக்கும் ஒளிவிடத்துக்கும் வருகிறது. வீட்டோடு ஒட்டிக் குவித்த விறகு, ஓடு, கல், தென்னம்மட்டை ஆகியவைதான் அதிக ஆபத்து. ஆகவே வீட்டைச் சுற்றியும் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியிலும் நிலம் வெளியாக இருக்கட்டும். இரவில் வெளியே போனால் வெளிச்சமும் செருப்பும் வேண்டும். இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிப்பது விரியனின் பழக்கம். கட்டிலும் நுளம்பு வலையும் நல்ல பாதுகாப்பு. கடித்தால் வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல், 1990 அம்புலன்சை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அதன் பின்னர் பற்றை என்றாலே டெங்கு என்ற எண்ணம் வலுத்தது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது தேங்கிய தண்ணீர் உள்ள பாத்திரத்தில். சிரட்டை, யோகட் கோப்பை, தயிர்ச்சட்டி, டயர், பொலித்தீன், அடைபட்ட பீலி, மூடாத தொட்டி ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் பாத்திரத்தைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். வளர்ந்த நுளம்பு நிழலில் தங்கும் என்பது உண்மை. அதனாலும் பற்றை வீட்டுச் சுவரோடு ஒட்டி இருக்கக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் காணிக்காரருக்குப் பொறுப்பு உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவரை உள்ளே அழைத்துச் சென்று, ஒரு சிரட்டைகூட இல்லை என்று காட்டக்கூடிய மூலையாக அது இருக்க வேண்டும்.

பாதீனியம். தன்பாட்டில் வளர விடுவது என்றால் எதையும் வளர விடுவது என்று பொருளல்ல. இந்திய அமைதிப்படைக் காலத்தில் ஆடுகளோடும் தீவனத்தோடும் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படும் இந்தச் செடி, அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கரட் இலை போன்ற இலையும் சின்ன வெள்ளைப் பூவும் கொண்டது. தோல் அழற்சியையும் மூச்சிழுப்பையும் உண்டாக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்கும் முன்னர் கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். இப்பிலிப்பிலும், மன்னார்ப் பக்கம் சீமைக் கருவேலும், எங்கும் உண்ணிச்செடியும் இதேபோல மற்றவற்றை மூடிவிடக்கூடியவை. இவற்றைப் பிடுங்கிக்கொண்டே இருப்பதுதான் இந்த மூலைக்கு நீங்கள் செய்யும் முக்கிய வேலை.

காணி உரிமை. வன்னியில் இடம்பெயர்வுக் காலத்தில் காடு மண்டிய வயல்களும் மேட்டுக்காணிகளும் பின்னர் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் அகப்பட்டுக்கொண்டன என்ற முறைப்பாடு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2025 மார்ச்சில், வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமை நிரூபிக்கப்படாவிட்டால் அது அரச காணியாகும் என்ற வர்த்தமானி வெளியானது. கடும் எதிர்ப்பின் பின்னரே அது கைவிடப்பட்டது. தனியார் காணியிலும் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம். இந்த நிலையில் முழுக் காணியையும் காடாக விடும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எல்லை எப்போதும் தெளிவாகத் தெரிய வேண்டும். உறுதி, அனுமதிப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு பத்திரமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தரமாவது திகதியோடு படம் எடுத்து வைப்பது நல்லது. காணியில் வழக்கோ, திணைக்களத்தோடு இழுபறியோ இருந்தால் அது முடியும்வரை அங்கே பயிர்தான் நிற்க வேண்டும், பற்றை அல்ல.

செய்யும் முறை

வளவில் பத்தில் ஒரு பங்கு போதும். இரண்டு பரப்புக் காணியில் அது பின்வேலியோரமாக ஒரு அறையின் அகலத்துக்குத்தான் வரும். வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க முடியுமோ அவ்வளவு தள்ளித் தெரிவு செய்யுங்கள். அடுத்த வீட்டாரின் சுவரோடு ஒட்டாமல் பாருங்கள். தொடங்கும் முன் அவர்களிடம் சொல்லிவிடுவதும் நல்லது. பாம்பு வந்தால் பழி உங்களுக்குத்தான் வரும்.

விளிம்பைக் கல்லாலோ தாழ்ந்த கதியால் வரிசையாலோ அடையாளப்படுத்துங்கள். விளிம்பு நேராக இருந்தால், உள்ளே இருப்பது தெரிந்தே விட்டது என்று பார்ப்பவருக்கு விளங்கும். அம்மாவின் ஆட்சேபம் எங்கள் வீட்டில் பாதியாகக் குறைந்தது இந்த விளிம்பால்தான். அவர் முற்றத்தை வழக்கம்போலக் கூட்டுகிறார். சருகை எரிக்காமல் அந்த விளிம்புக்கு உள்ளே கொட்டுகிறார்.

முதல் மாரிக்கு எதையும் நடாமல் பொறுத்திருங்கள். மண்ணில் கிடக்கும் விதையும், பறவை எச்சத்தோடு விழும் விதையும் என்னவென்று தெரியட்டும். வேம்பு, காரை, ஈச்சை, இலந்தை, ஆவரசு, தும்பை, குப்பைமேனி போன்றவை தாமாக வரலாம். எதுவும் வராத இடத்தில், ஊரில் மிஞ்சிய பழைய வேலியிலிருந்து கிளுவை, பூவரசு, ஆடாதோடைக் கதியால் வாங்கி மழையோடு நடலாம். கொடிக்கு முசுட்டையும் குறிஞ்சாவும். நாவல், விளா போன்ற பழமரத்துக்கு இடமிருந்தால் ஒன்று.

முழுவதையும் ஒரே தரத்தில் வெட்ட வேண்டாம். சோளகக் காற்று தொடங்கும் முன், வைகாசியளவில், காய்ந்த புல்லில் பாதியை வெட்டுங்கள். மறு பாதி அடுத்த ஆண்டுக்கு. வெயில் காலத்தில் காய்ந்த புல்லுக்கும் வீட்டுக்கும் இடையே வெறும் நிலம் இருக்க வேண்டும். காற்றோடு வரும் தீ பொல்லாதது. ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை சருகில் கை வைக்க வேண்டாம். அது ஆறுமணிக் குருவி இருக்கும் காலம். குருவிக்குத் தண்ணீர் வைப்பதானால் தட்டையான மண்சட்டியில் வைத்து, ஒன்றுவிட்ட ஒரு நாள் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். நுளம்பு முட்டை வளர்ந்து பறக்க ஒரு கிழமையளவு வேண்டும். அதற்கு இடம் கொடுக்காமல் விட்டால் சரி.

வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி

ஊரில் உண்மையிலேயே பற்றை பிடித்துக் கிடக்கும் காணிகளில் பல, கடல் கடந்து போனவர்களுடையவை. உள்ளூராட்சி சபை அறிவித்தல் ஒட்டியதும், அல்லது அயலவர் தொலைபேசியில் முறையிட்டதும், அவர்கள் காசு அனுப்பிப் பெக்கோவை விட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகளில் மறுபடி பற்றை. மறுபடி பெக்கோ. ஒவ்வொரு தரமும் மேல்மண் போகிறது. உள்ளூர்ச் செடிகளின் இடத்தில், புரட்டிய மண்ணில் முதலில் முளைக்கும் பாதீனியமும் இப்பிலிப்பிலும் வருகின்றன.

அதே காசில் வேறொன்று செய்யலாம். ஊரில் ஒருவரைப் பொறுப்பாக வைத்து, மாதம் ஒரு தடவை எல்லையோரத்தையும் ஒழுங்கைப் பக்கத்தையும் வெட்டச் சொல்லலாம். குறுக்கே நடந்து போக ஒரு பாதை வைக்கச் சொல்லலாம். அயலவர் எறியும் போத்தலையும் பையையும் பொறுக்கச் சொல்லலாம். கிணற்றுக்கு வலை போடச் சொல்லலாம். பாதீனியத்தைப் பிடுங்கச் சொல்லலாம். நடுவில் நிற்கும் வேம்பையும் காரையையும் ஈச்சையையும் விட்டுவிடலாம். அப்போது காணியில் ஆள் நடமாட்டம் இருக்கும். அயலவருக்குப் பயம் குறையும். ஒரு வேலை இல்லாத குடும்பத்துக்கு மாதாந்தம் சிறு வருமானமும் வரும்.

போர் எங்களுக்குப் பற்றையையும் வெறுமையையும் ஒன்றாகப் பார்க்கப் பழக்கியது. வீட்டையும் கிணற்றையும் வேலியையும் பறித்து அந்த இடத்தில் காட்டை விட்டது எங்கள் விருப்பத்தைக் கேட்டு நடந்ததல்ல. இன்று ஒரு மூலையை வெட்டாமல் விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை வளவுக்குச் சொந்தக்காரரிடம் இருக்கிறது. அப்படி விடுகிறவர் அந்த மூலைக்குப் பொறுப்பும் எடுக்க வேண்டும். சிரட்டையைப் பொறுக்க வேண்டும், பாதீனியத்தைப் பிடுங்க வேண்டும், எல்லையைக் காக்க வேண்டும். இவ்வளவும் செய்ய ஆள் இருக்கும் வளவில் பற்றை இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதியால் நடுவதானால் மழைக்கு முன் சொல்லி வையுங்கள். ஊரில் பழைய வேலி மிஞ்சியிருக்கும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.